போகர்தான் லாவோட்சுவா? தாவோ தே ஜிங் எங்கிருந்து வந்தது

ஜூன் 3, காலை (வாசகர் ஒருவரின் பதிவு)

தாவோ தே ஜிங்ங்கிற பழைய சீனத் தத்துவ நூலை எழுதினதாச் சொல்ற லாவோட்சுவுக்கு போ யாங்னு இன்னொரு பெயர் உண்டு. நம்ம போகர் சீனா போய் வந்ததா அவர் பேர்ல இருக்கிற பாட்டே சொல்லுது. போகர், போ யாங். இதுக்கு மேல என்ன வேணும்? தாவோ தே ஜிங் தமிழன் எழுதின புத்தகம்னு சொல்ல ஏன் தயங்கறோம்? படிச்சவங்க பதில் சொல்லுங்க.

ஜூன் 3, இரவு

தம்பி, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் காலக்கணக்கு கொஞ்சமும் ஒத்துவரவில்லை. சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் குவோடியன் என்ற இடத்தில் 1993இல் ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். மூங்கில் ஏடுகளில் எழுதிய தாவோ தே ஜிங் பகுதிகள் அதில் கிடைத்தன. அந்தக் கல்லறை ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்தது, அசோகர் கல்வெட்டு வெட்டுவதற்கும் முந்தியது. போகர் ஏழாயிரம் என்று இன்று நம் கையில் இருப்பதை எடுத்து நாலு பாட்டு படித்துப் பாருங்கள். சங்கத் தமிழும் இல்லை, தேவாரத் தமிழும் இல்லை. யாப்பும் சொல்லும் மிகப் பிந்தியவை. பழனி மூலவரோடு போகர் பெயர் சேர்ந்திருப்பது பக்தி மரபு. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் இரண்டு பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குவதை வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டு இடைவெளியைத் தாண்ட முடியாது.

லாவோட்சு யார் என்று சீனர்களுக்கே அன்றைக்கே தெளிவில்லை. கி.மு. 100 வாக்கில் வரலாறு எழுதிய சிமா சியான் ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு தருகிறார். சூ நாட்டுக்காரர், குடும்பப் பெயர் லீ, சோ அரசின் ஆவணக் காப்பாளர். கன்ஃபூசியஸ் அவரைப் போய்ப் பார்த்தார். நாடு சீர்கெடுவதைக் கண்டு மேற்கே புறப்பட்டவரைக் கணவாய்க் காவலர் யின் சி நிறுத்தி, எழுதித் தந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார். ஐயாயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான எழுத்துகளில் இரண்டு பகுதிகளாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் எங்கே முடிந்தார் என்று யாருக்கும் தெரியாது.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு அடுத்த வரிகளைச் சொல்ல மாட்டார்கள். லாவோ லாய் என்று இன்னொருவர் இருந்தார், அவராகவும் இருக்கலாம் என்கிறார் சிமா சியான். கன்ஃபூசியஸ் இறந்து நூறு ஆண்டுக்குப் பிறகு வந்த, 'தான்' என்று பெயர் கொண்ட அரசவை அதிகாரி, அவராகவும் இருக்கலாம் என்கிறார். லாவோட்சு 160 ஆண்டு வாழ்ந்தார், சிலர் 200 என்கிறார்கள் என்றும் எழுதுகிறார். உலகத்தில் ஒருவருக்கும் உண்மை தெரியாது என்று முடிக்கிறார். அரசவையில் இருந்து எழுதியவர், ஆவணங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தவர். அவர் இவ்வளவு நேர்மையாகக் கையை விரித்த இடத்தில், நாம் ஒரு பெயரை ஒட்டவைக்க அவசரப்பட வேண்டாம்.

ஜூன் 4, காலை

தூங்கப் போன பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. இந்தத் தம்பி செய்ததை எதிர்த்திசையில் சீனர்களே செய்திருக்கிறார்கள். கணவாய் தாண்டி மேற்கே போன லாவோட்சு இந்தியாவுக்கு வந்து புத்தருக்கே போதித்தார், இல்லை, அவர்தான் புத்தராகவே ஆனார் என்று கி.பி. 300 வாக்கில் ஒரு நூல் கிளம்பியது. எழுதியவர் வாங் ஃபூ என்கிறார்கள். பௌத்தம் சீனாவிலிருந்து போய்த் திரும்பி வந்த சரக்கு என்று சொல்வதுதான் அதன் நோக்கம். பௌத்தர்களுக்கும் தாவோ துறவிகளுக்கும் ஆயிரம் ஆண்டு நீண்ட சண்டைக்கு அதுவே விறகு. மங்கோலியர் ஆட்சியில் அரசவை விவாதமே வைத்தார்கள். 1258இல் நடந்த விவாதத்துக்குத் தலைமை தாங்கியவர் குப்ளாய். தாவோ தரப்பு தோற்றது. 1281இல் குப்ளாய் கான் ஆணையிட்டார்: தாவோ நூல்கள் எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள், தாவோ தே ஜிங் ஒன்றைத் தவிர.

இதே 1281இல், இதே குப்ளாய் கானின் அனுமதியோடு, சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் நம் ஆள் ஒருவர் சிவனை எழுந்தருளச் செய்திருக்கிறார். சம்பந்தப் பெருமாள் என்ற பெயரோடு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 1203 (அதாவது 1281), சித்திரை மாதம். கோயில் திருக்கதலீச்சரம். கல்வெட்டில் கான் பெயர் செகசைக்கான் என்று வருகிறது, அவர் உடல் நலத்துக்காகச் செய்த திருப்பணி. அந்த ஊருக்கு வடக்கே மலையடிவாரத்தில், மங்கோலியருக்கு முந்திய சோங் அரசர்கள் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய லாவோட்சு அமர்ந்திருக்கிறார், உயரம் ஐந்தரை மீட்டருக்கு மேல். அவர் மூக்கைத் தொட்டால் 120 வயது வரை வாழலாம் என்று உள்ளூரில் சொல்வார்கள். சம்பந்தப் பெருமாள் காலத்தில் அந்தச் சிலை அங்கேதான் இருந்தது.

தமிழருக்கும் லாவோட்சுவுக்கும் தொடர்பு வேண்டும் என்றால் இதைக் கொண்டாடுங்கள். கல்லில் இருக்கிறது.

ஜூன் 4, மாலை

"மூங்கில் ஏடு என்றால் எப்படி இருக்கும்" என்று கேட்டவருக்கு.

குவோடியன் முதல் கல்லறையில் எண்ணூறு ஏடு. அதில் லாவோட்சு பகுதி 71. மூன்று கட்டு. முதல் கட்டின் ஏடு 32.3 செ.மீ., இரண்டாவது 30.6, மூன்றாவது 26.5. ஏடு ஒவ்வொன்றும் விரலைவிட ஒடுக்கம். மேலிருந்து கீழாக ஒரே வரி. ஏடுகளைப் பாய் போல நூலால் பின்னிச் சுருட்டி வைப்பார்கள். தண்ணீர் புகுந்த கல்லறையில் மூங்கில் தப்பியது, நூல் மக்கிப் போனது. திருடர்கள் ஏற்கெனவே துளை போட்டிருந்தார்கள். கிடைத்தது ஒரு சேற்றுக் குவியல்.

நான் பல வருடம் சுவடி நூலகத்தில் இருந்தவன். கயிறு அறுந்த ஓலைக்கட்டு ஒன்று மேசைக்கு வந்தால் வயிற்றைக் கலக்கும். நமக்காவது பெரும்பாலும் ஏட்டு எண் இருக்கும், இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் போட்டிருப்பார்கள். எலுமிச்சைப்புல் தைலம் தடவி, மை பூசித் துடைத்தால் எண் துலங்கும், வரிசை வந்துவிடும். குவோடியன் ஏட்டில் எண்ணே இல்லை. ஏட்டின் நீளம், நுனியைச் சீவிய விதம், நூல் கட்டிய தடம், வாக்கியம் எதோடு ஒட்டுகிறது, இதை வைத்தே அடுக்கினார்கள். ஐந்து ஆண்டு கழித்து 1998இல் வெளியிட்டார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அடுக்கியபோது வெளிவந்தது இது. இன்றைய 81 அத்தியாயங்களில் 31 போலத்தான் அதில் இருக்கிறது, அதிலும் பல அரைகுறையாக. 67 முதல் 81 வரை ஒன்றுகூட இல்லை. எல்லாரும் மேற்கோள் காட்டும் முதல் அத்தியாயமே இல்லை. வரிசை முழுக்க வேறு. 64ஆம் அத்தியாயத்தின் பின்பாதி மட்டும் முதல் கட்டிலும் இருக்கிறது, மூன்றாம் கட்டிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே வாசகம் இல்லை. ஒரே கல்லறைக்குள் ஒரே பாடத்துக்கு இரண்டு பாட வேறுபாடு. சுவடி பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். கி.மு. 300லேயே பல கைகளில் பல வடிவங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜூன் 4, இரவு

"அப்ப லாவோட்சுன்னு ஒருத்தர் இல்லவே இல்லைங்கறீங்களா?"

அப்படிச் சொல்லவில்லை. ஒரு பெரியவரின் சொல் தொடக்கமாக இருந்திருக்கலாம். ஓதி, மனப்பாடம் செய்து, சேர்த்து, வெட்டி, ஒட்டி வளர்ந்த நூல் இது என்பதே என் முடிவு. பாதிக்குமேல் எதுகை ஓசையோடு வருவதைப் பார்த்தால் வாய்வழி வந்த சொற்கள் நிறைய என்று தெரிகிறது. ஒரே இரவில் கணவாயில் உட்கார்ந்து எழுதியது போல இல்லை.

கணவாய்க் கதையை நான் வெறுக்கவில்லை. பிரெக்ட் நாஜிகளுக்குத் தப்பி டென்மார்க்கில் இருந்தபோது, 1938இல், இதே கதையை நீண்ட கவிதையாக எழுதினார். அதில் அவர் முனிவருக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை. கேட்டு வாங்கிய காவலருக்கும் நன்றி சொன்னார். அந்த இடம் எனக்கு எப்போதும் தொண்டையை அடைக்கும்.

ஜூன் 6

முந்தைய குறிப்பில் பாட வேறுபாடு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதில் ஒன்று மிகப் பெரியது, விளக்கணும்.

இன்று அச்சில் இருக்கும் 19ஆம் அத்தியாயம் கருணையை ஒழி, அறநெறியைத் தூக்கி எறி, மக்கள் தாமாகவே அன்புக்குத் திரும்புவார்கள் என்கிறது. கருணையும் அறநெறியும் கன்ஃபூசியஸ் வழியினரின் உயிர்ச் சொற்கள். எனவே லாவோட்சு என்றாலே கன்ஃபூசியஸின் எதிரி என்று இரண்டாயிரம் ஆண்டாகப் படித்தார்கள். குவோடியன் ஏட்டில் அந்த இடத்தில் கருணையும் இல்லை, அறநெறியும் இல்லை. பாசாங்கை விடு, சூழ்ச்சியை விடு என்ற பொருளில் இருக்கிறது. அதே கல்லறையில் கன்ஃபூசியஸ் வழி நூல்களும் பக்கத்திலேயே கிடந்தன. புதைக்கப்பட்டவர் இரண்டையும் படித்தவர்.

ஆக, பகை பின்னால் வந்து நூலுக்குள் ஏறியிருக்கிறது. சிந்தனைப் பள்ளிகள் பிரிந்து சண்டை முற்றியபோது யாரோ ஒருவர் இரண்டு சொல்லை மாற்றிவிட்டார், அந்த மாற்றமே மூலமாக நிலைத்துவிட்டது. தாவோ மரபு என்று ஒரு பள்ளிக்குப் பெயரிட்டு எழுதியவரே சிமா சியானின் அப்பா சிமா தான்தான். அதுவரை அந்தப் பெயரில் கட்சி கிடையாது.

ஜூன் 7

இந்த நூலில் இருக்கும் அரசியலைப் பற்றிக் கேட்கிறார்கள். சந்தோஷம், எனக்கு அதுதான் விருப்பமான பகுதி.

இருபது வயதில் நான் இதை ஆறுதலுக்காகப் படித்தேன். தண்ணீர், பள்ளத்தாக்கு, குழந்தை, செதுக்காத மரம். இப்போது படித்தால் பக்கத்துக்குப் பக்கம் அரசன் நிற்கிறான். வரி நிற்கிறது. 75ஆம் அத்தியாயம் மூடி மறைக்காமல் சொல்கிறது: மக்கள் பட்டினி கிடப்பது மேலே இருப்பவன் வரியாகத் தின்பதால். 57ஆம் அத்தியாயம் தடைகள் பெருகப் பெருக மக்கள் ஏழையாவார்கள் என்கிறது. சீன நாடுகள் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆள்பிடித்துப் படைக்கு அனுப்பிய அரசர்களின் முகத்துக்கு நேரே சொன்ன பேச்சு.

இதை நடைமுறைப்படுத்தியும் பார்த்தார்கள். ஹான் அரசின் ஆரம்பத்தில் சாவோ சான் என்று ஒரு முதலமைச்சர். கி.மு. 193இல் பதவிக்கு வந்தவர் எதையும் மாற்றவில்லை, குடித்துக்கொண்டே இருந்தார். இளம் அரசர் பொறுக்காமல் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டார்: உங்கள் அப்பாவைவிட நீங்கள் பெரியவரா? எனக்கு முன் இருந்த சியாவோ ஹேயைவிட நான் திறமைசாலியா? இல்லை என்றார் அரசர். அப்படியானால் அவர்கள் போட்ட சட்டம் தெளிவாக இருக்கிறது, அதைக் காத்துக்கொண்டிருப்பது போதாதா? போரில் குலைந்துபோன நாட்டுக்கு அந்த ஓய்வு மருந்தானது. அடுத்த அரசர்கள் நிலவரியை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.

ஆனால் இந்தப் புத்தகத்தைக் காதலித்தவர்கள் எல்லாரும் மென்மையானவர்கள் இல்லை. தோவ் பேரரசியம்மாவுக்கு லாவோட்சு என்றால் உயிர். யுவான் கூ என்ற கன்ஃபூசியப் புலவரிடம் இந்த நூல் எப்படி என்று கேட்டார். வீட்டு வேலைக்காரர் பேச்சு என்று சொல்லிவிட்டார் அவர். பேரரசியம்மா அவரைக் காட்டுப்பன்றித் தொழுவத்துக்குள் இறக்கிச் சண்டை போடச் சொன்னார். மகன் ஜிங் அரசர், பாவம் வாய்த்துடுக்கான மனிதர் என்று இரங்கி, கூர்மையான ஆயுதம் ஒன்றைக் கொடுத்தார். புலவர் ஒரே குத்தில் பன்றியைச் சாய்த்தார். பிழைத்தார். விட்டுக்கொடுப்பதைப் போதிக்கும் நூலுக்காக ஒரு மனிதரைப் பன்றியின் முன் தள்ளியிருக்கிறார்கள். கி.மு. 135இல் அந்த அம்மா இறந்ததும் அரசவையில் லாவோட்சுவின் செல்வாக்கும் சரிந்தது.

ஜூன் 7, பிற்பகல்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: மூன்றாம் அத்தியாயத்தை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. மக்கள் மனதை வெறுமையாக்கு, வயிற்றை நிரப்பு. எப்போதும் அறியாமலும் ஆசைப்படாமலும் இருக்கச் செய் என்று அங்கே இருக்கிறது. 65ஆம் அத்தியாயமும் அதே திசை. இதை மென்மையாக்கி விளக்கும் உரைகள் உண்டு. நான் அவற்றை ஏற்கவில்லை. இந்த நூலுக்கு நம் கைக்குக் கிடைத்த மிகப் பழைய விளக்கம் எழுதியவர் ஹான் ஃபெய் என்பதை மறக்கக் கூடாது. கடுந்தண்டனையையும் சட்டத்தையும் நம்பியவர், சீனாவின் முதல் பேரரசர் விரும்பிப் படித்த சிந்தனையாளர். வாய் திறக்காத அரசன், உள்ளத்தைக் காட்டாத அரசன் என்பதை இந்த நூலிலிருந்து எடுத்து அதிகாரத்தின் முகமூடியாக மாற்றிவிட்டார். அந்த வித்து நூலுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அது வலிக்கிறது. இவ்வளவு பிடித்த புத்தகத்தில் இந்த இரண்டு அத்தியாயமும் வரும்போது நான் ஒவ்வொரு முறையும் சண்டை போட்டுக்கொண்டேதான் படிக்கிறேன்.

ஜூன் 8

நேற்று எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். அரசவையைப் பற்றியே எழுதியிருக்கிறேன். அதே நூலை ஏழைகள் கையில் எடுத்த கதையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

கி.பி. 142இல் சிச்சுவான் மலைகளில் சாங் தாவோலிங் ஒரு சமய இயக்கம் தொடங்கினார். லாவோட்சு தெய்வமாக அவருக்குக் காட்சி கொடுத்தார் என்பது மரபு. சேர்பவர்கள் ஐந்து படி அரிசி கொடுப்பார்கள், அதுவே இயக்கத்தின் பெயராகிவிட்டது. பேரன் சாங் லூ காலத்தில் அது ஒரு தனி அரசாகவே நடந்தது. ஊர்த்தலைவர்களே பூசாரிகள், ஐயாயிரம் எழுத்தையும் அடியார்களை ஓதவைப்பது அவர்கள் வேலை. சாலையோரம் சத்திரங்கள் கட்டினார்கள். உள்ளே அரிசியும் இறைச்சியும் இருக்கும், காசு கிடையாது. வழிப்போக்கர் வயிறு கொள்ளும் அளவு எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறி எடுப்பவருக்கு ஆவிகள் நோய் கொடுக்கும் என்று நம்பினார்கள். தவறு செய்தவருக்கு மூன்று முறை மன்னிப்பு, அதன் பிறகே தண்டனை. 215இல் சாவோ சாவோ என்ற போர்த்தலைவரின் படை வந்து அரசு முடிந்தது, சமயம் முடியவில்லை. இந்த மரபில் எழுந்த உரை ஒன்று துன்ஹுவாங் குகையில் கிடைத்து இப்போது லண்டனில் இருக்கிறது.

வாங் பீ என்ற இளைஞர் எழுதிய உரை இதற்கு நேர் எதிர்: சாமி கிடையாது, சத்திரம் கிடையாது, முழுக்கத் தத்துவம். 249இல் 23 வயதில் இறந்துபோனார். இன்று நாம் படிக்கும் பதிப்புகளில் பெரும்பாலானவை அவர் உரையோடு வந்த பாடத்தையே பின்பற்றுகின்றன.

ஜூன் 8, இரவு

இந்த நூல் வடமொழிக்குப் போனது உண்மையா என்று கேட்ட அசாம் நண்பருக்குச் சுருக்கமாக: ஆமாம், உண்மை. காமரூப அரசர் பாஸ்கரவர்மன் இந்த நூலைக் கேட்டார். தாங் பேரரசர் 647இல் யுவான் சுவாங்கிடம் வடமொழியில் பெயர்க்கும் வேலையைக் கொடுத்தார். தாவோ துறவிகள் பௌத்தச் சொற்களைக் கலக்கச் சொல்ல, அவர் முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். அந்த மொழிபெயர்ப்பின் பிரதி எதுவும் இன்று இல்லை. காஞ்சிபுரம் வரை வந்துபோனவர் அவர். தாங் அரசர்களுக்கு இதில் குடும்ப அக்கறையும் உண்டு. அவர்களும் லீ, லாவோட்சுவும் லீ, எங்கள் மூதாதை என்றார்கள். 733இல் வீட்டுக்கு ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று சுவான்சோங் அரசர் ஆணையே போட்டார்.

ஜூன் 10

அமெரிக்க அதிபர் ரீகன் 1988 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உரையில் லாவோட்சுவை மேற்கோள் காட்டினார், வலதுசாரிப் புத்தகமா இது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது 60ஆம் அத்தியாயத்தின் முதல் வரி: பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது போல.

எங்கள் வீட்டில் அம்மாச்சி நெத்திலிக் குழம்பு வைத்தால் மீன் போட்ட பிறகு கரண்டியைக் கண்ணில் காட்ட மாட்டார். மண்சட்டியின் கழுத்தைத் துணியால் இரு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். குழம்பு கலந்துவிடும், மீன் முழுசாக நிற்கும். அவசரத்தில் நான் கரண்டி போட்டால் முள்ளும் தோலுமாகக் கரைந்து ஒரு கஞ்சி மிஞ்சும். ஹான் ஃபெய் இந்த வரிக்கு எழுதிய விளக்கமும் இதுவே. மீனை அடிக்கடி கிளறினால் அதன் பளபளப்பு போகும், சட்டத்தை அடிக்கடி மாற்றினால் மக்கள் துன்பப்படுவார்கள்.

அடுப்பை விட்டுப் போய்விடு என்று அந்த வரி சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கணும், தீயைப் பார்த்துக்கொள்ளணும், சட்டியைச் சுழற்றணும். அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று இதை இழுப்பவர்கள் 75ஆம் அத்தியாயத்தையும், இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பது வானத்தின் வழி என்னும் 77ஆம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஜூன் 11

பெய்ஜிங் அரண்மனைக்குப் போய்வந்த நண்பர் போட்ட படத்துக்கு நன்றி. அந்த மண்டபம் ஜியாவோதாய். அரியணைக்கு மேல் தொங்கும் பலகையில் இருப்பது வூ வெய், வலிந்து செய்யாமை; இந்த நூலின் சொல். காங்ஷி அரசரின் வாசகம். அதற்குக் கீழேயே பேரரசின் 25 முத்திரைகளும் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. ஆணைகளுக்கு முத்திரை எடுக்க வந்தவர் அந்த இரண்டு எழுத்துக்கு அடியில் நின்றே எடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 12

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று தம்பி கேட்டிருக்கிறார். போகர் பேச்சை விட்டுவிட்டு நூலுக்கே வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

38ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். ஹூனான் மாகாணம் மாவாங்துய்யில் 1973இல் கி.மு. 168ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய இரண்டு முழுப் பிரதிகள் கிடைத்தன. ஒன்று ஹான் அரசை நிறுவிய லியூ பாங்கின் பெயரெழுத்தைத் தயங்காமல் எழுதுகிறது, மற்றது, அரசர் பெயரை எழுதக் கூடாது என்ற மரபுப்படி, அதைத் தவிர்க்கிறது. அதை வைத்தே எது மூத்தது என்று சொன்னார்கள். இரண்டிலும் தே (பண்பு) பகுதி, இன்றைய 38 முதல் 81 வரை, முன்னால்; தாவோ (வழி) பகுதி, 1 முதல் 37 வரை, பின்னால். பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்கு 2009இல் வந்த ஹான் கால மூங்கில் ஏடுகளிலும் அதே வரிசை, அத்தியாயங்கள் 77.

அப்படிப் படித்தால் சொல்லக்கூடிய தாவோ தாவோ அல்ல என்ற புகழ்பெற்ற வரி நூலின் நடுவுக்குப் போய்விடும். அதற்கு முன்பே வரி, போர், மீன், பக்கத்து ஊர்ச் சேவல் கூவும் சின்ன நாடு எல்லாம் வந்துவிடும். 57, 60, 75, 77 நாலையும் முதல் வாரத்தில் முடியுங்கள். பிறகு 3, 65. கோபம் வந்தால் இங்கே எழுதுங்கள், நான் இருப்பேன்.